வைடு சுருளியம்மாள்

1973ஆம் வருடம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். போடிநாயக்கனூரில் வக்கீல் கண்ணுச்சாமியின் அறையில் ஏழெட்டுக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டிலிருந்து திரும்பிய வக்கீல் கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராக டைப் மேசைக்கு வந்து, ஒரு தாளை சுருளியம்மாளின் முன்னால் வீசினார்.

"ஏம்மா, இது என்ன எழுத்து?"

"டபிள்யூ சார்."

"நான் என்ன சொன்னேன்?"

"வைடுன்னு சொன்னீங்க சார்."

"வைடுன்னுதான் சொன்னேன். நீ எதுக்கு வைடுன்னு அடிச்ச?"

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சுருளியம்மாளுக்கும் விளங்கவில்லை.

"எதிர்க்கட்சி வக்கீல் நிறைஞ்ச கோர்ட்டுல வாசிச்சுக் காட்டுறான். 'அகலமான கடிதம் எண் நாப்பத்தி ரெண்டு'ன்னு! ஜட்ஜே சிரிச்சிட்டாரு. இந்த வைடுக்கும் அந்த வைடுக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு எதுக்கு டைப்பிங் சோலி?"

சுருளியம்மாளுக்கு அப்போது வயது இருபத்தொன்று. சிலமலைக்காரி. அப்பா வெள்ளைத்துரைக்குக் கொஞ்சம் கிணற்றுப் பாசனம், கொஞ்சம் மானாவாரி. எஸ்.எஸ்.எல்.சி.யில் மகளுக்கு இங்கிலீஷ் பாடம் மட்டும் போய்விட்டது. "சரி, கைவேலையா எதையாச்சும் கத்துக்கட்டும்" என்று போடியில் ஒரு டைப்பிங் பள்ளியில் சேர்த்துவிட்டார். இங்கிலீஷில் தோற்றவள் இங்கிலீஷ் டைப்பிங்கில் லோயரும் ஹையரும் முதல் வகுப்பில் தேறினாள். அவளுடைய விரல்களுக்கு எழுத்துகள் தெரியும். எந்த எழுத்துக்குப் பின்னால் எந்த எழுத்து வரும் என்றும் தெரியும். அந்த எழுத்துகள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

அன்று அவள் அழவில்லை. தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே பொட்டலம் மடிக்கப் பழைய தாள் வாங்கிப் போடும் கடை ஒன்று இருந்தது. அந்தக் குவியலில் இங்கிலீஷ் – தமிழ் அகராதி ஒன்றை முன்பே பார்த்திருந்தாள். முன் அட்டையும் இல்லை, பின் அட்டையும் இல்லை. 'சி' எழுத்தில் பாதியில் தொடங்கி 'ஒய்' வரைக்கும் இருந்தது. அதை எடைக்கு வாங்கிக்கொண்டு சிலமலை பஸ்ஸில் ஏறினாள்.

டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து 'வி' பக்கத்தைப் புரட்டினாள். அந்த வைடு ஒரே வரியில் முடிந்தது: 'பார்க்க, காண்க.' ஒரு கடிதத்தையோ பத்திரத்தையோ சுட்டிக்காட்டி, இதைப் போய்ப் பார் என்று சொல்வதற்குக் கோர்ட்டில் வைத்திருக்கும் சொல். அவ்வளவுதான். பிறகு 'டபிள்யூ'வுக்கு வந்தாள். அந்த வைடு அரைப் பக்கத்துக்கு ஓடியது. அகன்ற. விரிந்த. பரந்த. முழுதாய்த் திறந்த. இலக்கை விட்டு விலகிய. பஸ் சிலமலையில் நின்று, கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் தலை நிமிர்ந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் கைப்பையில் அகராதியும் ஒரு நாற்பது பக்க நோட்டும் சேர்ந்துகொண்டன. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய முதல் சொல் வைடு. எண்ணைச் சொல்லிவிட்டு அந்தச் சொல்லைப் போட்டால் அது வெறும் அளவு: மூன்றடி வைடு என்றால் மூன்றடி அகலம், அது குறுகலான சந்தாகக்கூட இருக்கலாம். எண் இல்லாமல் தனியாக வந்தால்தான் விசாலம் என்று பொருள். விழிப்பைச் சொல்லும் சொல்லோடு சேர்ந்தால் பொட்டுத் தூக்கமில்லாத விழிப்பு. இதையெல்லாம் அவள் தன் பாஷையில், தனக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்தாள்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. விலகிப் போவதற்கும் அகலத்துக்கும் என்ன சம்பந்தம்? வக்கீல் அறைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த திருப்பதிக்குக் கிரிக்கெட் பைத்தியம். சென்னையில் ஆட்டம் நடந்தால் ரேடியோவைக் கடை வாசலுக்கே கொண்டுவந்து வைத்துவிடுவார். ஒருநாள் ரேடியோவில் 'வைடு' என்று சொன்னது காதில் விழவும், டீ வாங்க வந்த சுருளியம்மாள் நின்றாள்.

"அண்ணே, பந்து எப்பிடிண்ணே அகலமாகும்?"

திருப்பதி சிரித்துவிட்டார். "பந்து அகலமாகலத்தா. மட்டைக்காரனுக்கு எட்டாம அகண்டு போயிருச்சு. நாம சொல்லமாட்டமா, வண்டி வருது, அகலப் போன்னு. அது மாதிரி."

சுருளியம்மாள் டீயை மறந்துவிட்டு மேசைக்கு ஓடினாள். அகலம் என்றாலும் அகல், அகலப் போ என்றாலும் அகல். இங்கிலீஷ்காரன் ஒரே சொல்லுக்குள் வைத்திருந்த இரண்டு பொருளையும் தமிழும் ஒரே சொல்லுக்குள்தான் வைத்திருந்தது. பிறந்ததிலிருந்து பேசிய பாஷை, அன்றைக்குத்தான் அதை உற்றுப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. இங்கிலீஷ் மேல் இருந்த பயம் அந்த ஒரு டீ நேரத்தில் பாதி போய்விட்டது.

அதற்குப் பிறகு ஆறு வருடம். பொருள் தெரியாத ஒரு சொல்லைக்கூட அவள் விரல் அடிக்கவில்லை. தெரியாத சொல் வந்தால் மிஷினை நிறுத்துவாள்; அகராதியைப் பார்ப்பாள்; அதற்குப் பிறகுதான் அடுத்த எழுத்து. ஆரம்பத்தில் கண்ணுச்சாமி எரிந்து விழுந்தார். "வெரசா அடிம்மா" என்பார். நாளாக ஆக, அவள் நிறுத்திய இடத்தில் பெரும்பாலும் தம்முடைய பிழை ஒன்று இருப்பதை அவர் கண்டுகொண்டார். ஒரு தடவை கொள்ளை வழக்கில், பட்டப்பகல் என்பதற்கு அவர் அவசரத்தில் வைடு போட்டுச் சொல்லிவிட்டார். "சார், பகலுக்கு அது சேராது, 'பிராட்'தான் சேரும், 'பிராட் டேலைட்'. ரெண்டுக்கும் அகலம்னுதான் பொருள், ஆனா இடம் மாறி உக்காராது" என்றாள். அவர் மேலே பார்த்து, யோசித்து, "ஆமா" என்றார்.

இதற்குள் அவளுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சின்னச்சாமி, ராசிங்காபுரத்துக்காரர், ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வேலை. போடியிலேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். மற்ற வக்கீல்களின் குமாஸ்தாக்கள் சந்தேகம் வந்தால் அவளிடம் வந்து நிற்பார்கள். கோர்ட்டில் ஜட்ஜே சிரித்த கதை ஊருக்கே தெரியும் என்பதால் 'வைடு சுருளியம்மாள்' என்ற பேர் நிலைத்துவிட்டது. கேலியாகத் தொடங்கிய பேர்தான். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதில் அதில் கேலி கொஞ்சமும் மிச்சமில்லை.

அந்த எழுபத்தொன்பதில்தான் ஒச்சப்பன் வந்தார்.

குரங்கணிக்கு மேலே பாறைக்குடி என்று நாற்பது வீட்டுக் குடியிருப்பு. ஜீப்பு போகாது. மேலே விளையும் ஏலக்காயும் காப்பியும் கோவேறு கழுதை முதுகில் இறங்கும். அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் அதே முதுகில் ஏறும். ஒச்சப்பன் கழுதைக்காரர். வலது கை மணிக்கட்டில் கட்டோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பாதையை ஒட்டிய எஸ்டேட்டைப் புதிதாக வாங்கியவர் இரண்டு பக்கமும் முள்கம்பி இழுத்துவிட்டார் என்றார்.

"நேர் பாதையில பரவால்லீங்கய்யா. வளைவுலதான் சீவன் போகுது. மேல ஏறுற கழுதையும் கீழ எறங்குற கழுதையும் ஒண்ணுக்கொண்ணு ஒதுங்க எடமில்ல. போன மாசம் மூணாவது வளைவுல என் கழுத பொதியோட உருண்டுருச்சு. புடிச்சு நிறுத்தப் பாத்தேன், கைதான் போச்சு. நாளைக்குப் புள்ளத்தாச்சியத் தூக்கிட்டு வர்ற தொட்டிலு போனா என்னங்கய்யா பண்றது?"

பழைய எஸ்டேட் முதலாளி 1936இல் பாறைக்குடிக்காரர்களுக்குப் பாதை விட்டு எழுதிக்கொடுத்த பத்திரத்தின் டைப் நகல் ஒன்றை ஒச்சப்பன் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மூலப் பத்திரம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அதே நகல்தான் எஸ்டேட்டுக்காரரிடமும் இருந்தது. பாதை ஆறடி அகலம் என்று அதில் தெளிவாக இருந்தது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே டேப் வைத்துப் பார்த்தால் சரியாக ஆறடி. ஒரு விரற்கடை குறையவில்லை.

கண்ணுச்சாமி பெரியகுளம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். ஆனால் அவருக்கே நம்பிக்கை இல்லை. "ஆறடின்னு எழுதியிருக்கு, ஆறடி விட்டிருக்கான். எரக்கத்தக் காட்டித்தான் ஏதாச்சும் கேக்கணும்" என்று குமாஸ்தா ராக்கையாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சி அந்த நகலை ஒப்புக்கொண்டுவிட்டதால் மூலத்தைத் தேட யாரும் மெனக்கெடவில்லை.

நகலைத் திரும்ப நாலு பிரதி அடிக்கும் வேலை சுருளியம்மாளிடம் வந்தது. கார்பன் தாள் செருகி, பாதிப் பக்கம் வரை ஓட்டமாக அடித்தாள். பிறகு மிஷின் நின்றது.

"என்ன, ரிப்பன் தீந்துபோச்சா?" என்றார் கண்ணுச்சாமி.

"இல்ல சார். இங்க ஒரு வரி இருக்கு. 'ஆறடி வைடு, வைடு பிளான் அனெக்ஸ்டு'ன்னு."

"ஆமா. ஒரு சொல்ல ரெண்டு தடவ அடிச்சிருக்கான். ஒண்ண விட்டுட்டு அடி."

"ரெண்டு தடவ அடிச்சதா இருந்தா நடுவுல கமா எதுக்கு சார்? மொதல் வைடு ஆறடியோட முடிஞ்சுபோச்சு. ரெண்டாவது வைடு பிளானோட சேந்து நிக்குது. அகலமான பிளான இணைச்சிருக்கோம்னு யாராச்சும் எழுதுவாங்களா? பிளான் அகலமா இருந்தா என்ன, குறுகலா இருந்தா என்ன?"

கண்ணுச்சாமி பேனாவை மூடினார்.

"இதை அடிச்சவனும் என்னய மாதிரிதான் சார். ஒருத்தர் வாயால சொல்லச் சொல்லக் காதால கேட்டு அடிச்சிருக்கான். ரெண்டாவது வைடு டபிள்யூ இல்ல, வி. 'இணைத்துள்ள வரைபடத்தைப் பார்க்க.' அப்பிடின்னா இந்தப் பத்திரத்தோட ஒரு வரைபடம் இருந்திருக்கு சார். அதுல ஆறடிக்கு மேல என்னமோ சொல்லியிருக்கு. இல்லாட்டி எதுக்குப் பாக்கச் சொல்றான்?"

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே அறையில் இதே பெண்ணிடம் தாம் என்ன சொன்னோம் என்பது கண்ணுச்சாமிக்கு நினைவில்லாமல் இருக்காது. அவர் எழுந்து வந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்று அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். "ராக்கையா, நாளைக்கு நீயும் சுருளியம்மாளும் பதிவு அலுவலகத்துக்குப் போங்க. அந்தம்மா சொல்ற எடத்துல எல்லாம் தேடு" என்றார். அந்தம்மா என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒரு நாளில் கிடைக்கவில்லை. பத்திரத்தின் எண் தெரியாது, மாதம் தெரியாது. வருடம் மட்டும்தான் தெரியும். நாலு தடவை போனார்கள். அட்டவணைப் புத்தகத்தில் வரி வரியாக விரல் வைத்து வந்து, நாலாவது தடவை பத்திரத்தைப் பிடித்தாள். பதிவேட்டில் அந்தச் சொல் 'வி'யில்தான் இருந்தது. வரைபடம் அதோடு இல்லை. வரைபடங்களைத் தனி பைண்டாகக் கட்டி வைப்பது வழக்கம் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். அந்த பைண்டை இறக்கித் தூசி தட்டிப் பிரித்தபோது, துணி ஒட்டிய பழுப்புத் தாளில் சிவப்பு மசியில் பாதை நெளிந்து ஏறியது. ஐந்து வளைவுகளில் வட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு குறிப்பு: பன்னிரண்டடி அகலம், பொதியேற்றிய இரண்டு விலங்குகள் ஒன்றையொன்று கடக்க.

ராக்கையா அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டார். வரைபடத்தையா சுருளியம்மாளையா என்று அவருக்கே தெரியாது.

எஸ்டேட் தரப்பு சும்மா இருக்கவில்லை. வரைபடம் பழசு, பாதை இப்போது வேறு மாதிரி ஓடுகிறது, அந்த வளைவுகளே இன்று இல்லை என்று வாதாடினார்கள். நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி நீதிபதி ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தார். பார்த்ததைப் பார்த்த இடத்திலேயே எழுதி, இரு தரப்புக் கையெழுத்தும் வாங்கினால் பின்னால் தகராறு வராது என்றார் கமிஷனர். அதற்கு மலைக்கு மேலே ஒரு டைப்பிஸ்ட் வேண்டும். இரண்டு தரப்பு வக்கீல்களும் சொன்ன பேர் ஒன்றுதான்.

1980 பிப்ரவரியில், குரங்கணியில் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தார்கள். ஆபீஸ் டைப் மிஷின் ஒரு ஆள் தூக்கி மலையேறுகிற சாமான் இல்லை. ஒச்சப்பன் அதைச் சாக்கில் பொதிந்து கழுதையின் ஒரு பக்கம் கட்டினார். எடை சாயாமல் இருக்க மறுபக்கம் அதே எடைக்குக் கேப்பை மூட்டை.

"இந்தப் பக்கம் இங்கிலீசு, அந்தப் பக்கம் கேப்ப. ஒண்ணுக்கொண்ணு சரியா நிக்குது பாரு தாயி" என்றார்.

வட்டம் போட்ட வளைவுகள் ஐந்தும் வரைபடத்தில் இருந்த மாதிரியே இருந்தன. பாறை இடம் மாறவில்லை. மூன்றாவது வளைவில் ஒச்சப்பன் மேலேயிருந்து ஒரு கழுதையையும் கீழேயிருந்து ஒரு கழுதையையும் பொதியோடு கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. ஓரமாக நின்று குறிப்பெடுத்த கமிஷனர் பொதிக்கும் முள்கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். சட்டை கிழிந்தது. அவரை வெளியே இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

ஒரு பாறை மேல் மிஷினை வைத்து, காற்றுக்குத் தாள் பறக்காமல் நாலு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டு சுருளியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கமிஷனர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: இந்த வளைவில் பாதை போதுமான அகலம் இல்லை. அவள் அடித்தாள். மலையில் அந்தச் சத்தம் எதிர்ப்பக்கப் பாறையில் மோதித் திரும்பி வந்தது. பாறைக்குடிப் பெண்கள் வேலி ஓரத்தில் உட்கார்ந்து, தங்கள் வழியைப் பற்றி ஒரு பெண் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. ஐந்து வளைவுகளிலும் பன்னிரண்டடி விட்டு வேலியைத் தள்ளிப் போட வேண்டும். போட்டார்கள்.

தீர்ப்பு வந்த வாரம் ஒச்சப்பன் கீழே இறங்கி வந்தார். "அந்த ரெண்டு எழுத்தயும் எனக்குக் காட்டு தாயி" என்றார். சுருளியம்மாள் ஒரு தாளில் இரண்டையும் பெரிதாக எழுதிக் காட்டினாள். கட்டு அவிழ்ந்த கையால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். "இது ஒத்த வளைவு. இது ரெட்ட வளைவு. இதுக்குப் போயா என் கழுத செத்துச்சு?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் அவருக்கே சிரிப்பு வரவில்லை. அவள் அந்தத் தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

கண்ணுச்சாமி அவளை வேறெங்கும் போகவிடக் கூடாது என்று நினைத்தார். ஆனால் எண்பத்திரண்டில் அவள் தனியாக மேசை போட்டுக்கொள்வதாகச் சொன்னபோது மறுக்கவில்லை. கிட்டங்கித் தெருவில் சின்னச்சாமி பிடித்துக்கொடுத்த ஒரு வாசல் அறை. மலையிலிருந்து மனு எழுத வருகிறவர்கள் முதலில் அங்கேதான் வந்தார்கள். குடிதண்ணீர், மின்கம்பம், ரேஷன் கார்டு, யானை அழித்த தோட்டம் என்று எல்லாவற்றுக்கும் மனு. சொல்வதை முழுசாகக் கேட்டு, கேள்வி கேட்டு, புரிந்த பிறகுதான் தாளைச் செருகுவாள். அவள் அடித்த மனு அரைகுறை என்று திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

எண்பதுகளில் கோர்ட்டிலும் ஆபீசுகளிலும் தமிழ் கூடுதலாக நுழையத் தொடங்கியது. இங்கிலீஷ் டைப்பிஸ்டுகளில் பலர் முணுமுணுத்தார்கள். சுருளியம்மாள் முப்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, தமிழ் டைப்பிங் படிக்கப் போனாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது. பத்து வருடமாகப் பழகிய விரல்களுக்கு எல்லா இடமும் மாறிப்போயின. 'க' இருக்கிற இடத்துக்குப் போக வேண்டிய விரல் பழைய இடத்துக்கே போகும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரலைத் திருப்பிக் கொண்டுவருவாள். ஒரு வருடத்தில் லோயர் தேறினாள்.

1986இல் பாறைக்குடியிலிருந்து ஆயம்மாள் என்ற பெண் வந்தாள். தோட்டத்துக்கும் ஓடைக்கும் நடுவில் இருக்கும் அவளுடைய நிலத்துக்கு எல்லைத் தகராறு. எழுத்து வாசனை இல்லாதவள். சொன்னதையெல்லாம் கேட்டு சுருளியம்மாள் தமிழில் மனுவை அடித்தாள். வழக்கமாக அடித்து முடித்ததும் கையெழுத்துக்கோ கைநாட்டுக்கோ நீட்டுவதுதான். இங்கிலீஷில் இருப்பதை வாசித்துக் காட்டி என்ன பிரயோசனம்? அன்றைக்கு ஏனோ தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தாள்.

பாதி வாசிக்கும்போதே ஆயம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நில்லு நில்லு. ஓடைக்கு இந்தப் பக்கம்னு எழுதியிருக்க. நான் அந்தப் பக்கம்னுல்ல சொன்னேன்?"

சுருளியம்மாள் திரும்ப வாசித்தாள். ஆயம்மாள் சொன்னதுதான் சரி. பிழை தன்னுடையது.

பதின்மூன்று வருடத்தில் எத்தனையோ ஆயிரம் மனு அடித்திருக்கிறாள். யாருக்காக அடித்தாளோ அவர்களில் ஒருவர்கூட அதில் ஒரு சொல்லைத் திருத்தியதில்லை. திருத்த வழி இருந்ததில்லை. சுருளியம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பிழை கண்டுபிடிக்கப்பட்டதற்கு ஒரு டைப்பிஸ்ட் அவ்வளவு சந்தோஷப்பட்டு ஆயம்மாள் மட்டுமல்ல, யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

"நீ சொல்லுத்தா" என்றாள், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளைச் செருகியபடி. "மொதல்ல இருந்து சொல்லு. நான் வாசிக்க வாசிக்க, எங்கெங்க தப்புன்னு தோணுதோ அங்கங்க நிறுத்து."

ஆயம்மாள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.